ஒரே ஈற்றில் பிறந்த முயல்கள் பருவம் வந்ததும் ஏன் கடித்துக்கொள்கின்றன?

கேள்வி: ஏப்ரல் 3, காலை

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் முயல்களை வளர்க்கிறேன். எட்டு வாரக் குட்டிகளாக வந்தவை. இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கும். சில நாள்களாக ஒன்று மற்றதைத் துரத்துகிறது, மேலே ஏறுகிறது. இன்று விடியற்காலையில் கூண்டுக்குள் இரண்டும் கட்டிப் புரண்டு சண்டையிட்டன. தரையெல்லாம் மயிர்க் கொத்துகள். யார் பெரியவர் என்பதை அவையே தீர்த்துக்கொள்ளும், தலையிடக் கூடாது என்றுதான் கேட்ட இடத்திலெல்லாம் சொல்கிறார்கள். பிரித்து வைத்தால் நட்பே முறிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

ஏப்ரல் 3, மாலை

விடக் கூடாது. இன்றே பிரித்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிகிற, ஆனால் கடிக்க முடியாத தூரத்தில் வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இரண்டின் உடம்பையும் சோதியுங்கள்.

முயலின் தோல் மெல்லியது, எளிதில் கிழிந்துவிடும். அதன்மேல் அடர்ந்த ரோமம் இருப்பதால் காயம் வெளியே தெரியாது. விரல் நுனியால் ரோமத்தை எதிர்த்திசையில் விலக்கிக்கொண்டே முதுகு, விலா, பின்தொடை, வயிற்றின் அடிப்பக்கம், காது விளிம்பு, பிறப்புறுப்புப் பகுதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஈரமாகப் பிசுபிசுத்து ரோமம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பல் துளை இருக்கும். துளை சிறியது என்று விட்டுவிட வேண்டாம். முயலின் சீழ் நீர்த்து வடிவதில்லை. பற்பசையைப் போலக் கெட்டியாக உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிடும். அப்படிக் கட்டிவிட்டால், கீறி விடுவதோடு தீராமல் கட்டியையே வெட்டியெடுக்க வேண்டிய நிலை வருவதுண்டு. துளை கண்ணில் பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இனி காரணம். குட்டிகளாக வந்த முயல்கள் ஒட்டிக்கொண்டு கிடப்பது குட்டிப் பருவத்தின் இயல்பு. உடல் சூட்டுக்காகவும் பயத்தினாலும் எந்தக் குட்டியும் எந்தக் குட்டியோடும் ஒட்டிக்கொள்ளும். அதை ஜோடி சேர்ந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். சிறிய இனங்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நடுத்தர இனங்களுக்கு ஐந்து, ஆறு மாதமாகும். பெரிய இனங்கள் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். உடலில் சுரப்புகள் (ஹார்மோன்கள்) ஏறியதும் இடம், வாடை, துணை, கூடு கட்டும் மூலை ஆகிய அனைத்துமே சொத்தாகிவிடுகின்றன. உங்கள் முயல்களுக்கிடையே இருந்த நட்பு முறியவில்லை. முதிர்ந்த இரு முயல்களுக்கு இடையிலான உறவு இன்னும் தொடங்கவே இல்லை என்பதே சரி.

ஏப்ரல் 4

நேற்று எழுத விட்டுப்போனது: சண்டைக்குள் வெறுங்கையை நுழைக்காதீர்கள். உருண்டு புரளும்போது அவற்றுக்கு உங்கள் கையும் எதிரியும் ஒன்றுதான். கடி எலும்புவரை இறங்கும். தடித்த கையுறையையோ, நான்காக மடித்த துண்டையோ, துடைப்பத்தையோ எட்டும் இடத்தில் வைத்திருங்கள். அட்டைப் பலகை ஒன்றை இரண்டுக்கும் நடுவில் செருகுவதே நான் கண்ட மிக எளிய வழி. எதிராளி பார்வையிலிருந்து மறைந்த கணத்தில் வேகம் பாதியாகக் குறைந்துவிடும். பிரித்தபின் எதையும் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். சிறிது நேரம் கடந்தும் கடி வரும்.

ஏப்ரல் 6

'அவையே தீர்த்துக்கொள்ளும்' என்ற வாதத்தை முழுப் பொய் என்று தள்ள முடியாது. அதனால்தான் அது ஆபத்தானதாகவும் இருக்கிறது.

முயல் கூட்டத்தில் படிநிலை உண்டு. காட்டு முயல்களிடையே ஆண்களுக்குள் ஒன்றும் பெண்களுக்குள் ஒன்றுமாகத் தனித்தனி வரிசை இருக்கும். நல்ல வளைக்காகப் பெண் முயல்கள் கடுமையாகவே மோதிக்கொள்ளும். ஆனால் அங்கே தோற்றது ஓடிவிடலாம். புதருக்குள் மறையலாம், வேறு வளையைத் தேடலாம். இளம் ஆண்கள் பல கூட்டத்தைவிட்டே போய்விடுகின்றன. சண்டை ஓட்டத்தில் முடிகிறது என்பதால்தான் காட்டில் அது தீர்கிறது. கூண்டில் தோற்ற முயல் எந்தத் திசையில் ஓடினாலும் சுற்றிவந்து, வென்றதன் முன்னாலேயே போய் நிற்கிறது. தோல்வியை ஒப்புக்கொண்டபின்னும் விலகிப் போக முடியாத இடத்தில், வென்றதற்கு அது இன்னும் சவாலாகவே தெரிகிறது.

ஆகவே சீண்டலையும் சண்டையையும் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். சற்றுத் துரத்துவது, மேலே ஏறுவது, பின்புறத்தில் லேசாகக் கடித்து ஒரு கொத்து ரோமத்தைப் பிடுங்குவது ஆகியவை பார்க்க அழகாக இரா. ஆனாலும் இவை பேச்சுவார்த்தைக்குள் அடங்கும். வாலை விறைத்து நிமிர்த்தி, காதுகளைப் பின்னால் படிய அழுத்தி, உறுமிக்கொண்டு பாய்வது எச்சரிக்கை. இரண்டும் தலைக்கு வாலாக நின்று ஒன்றையொன்று வட்டமிடத் தொடங்கினால், அந்த வட்டம் இறுகி உருளுவதற்குச் சில நொடிகளே ஆகும். உருண்டபின் தீர்த்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு உதவிய அளவுகோல் ஒன்று உண்டு. துரத்துகிற முயலைப் பார்க்காதீர்கள்; துரத்தப்பட்டது நின்று தலையைத் தரையோடு தாழ்த்தியபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். துரத்தியது அங்கேயே நின்று, ஒன்றுமே நடவாததுபோலத் தன் முகத்தைக் கழுவிக்கொள்ளத் தொடங்கினால் உறவுக்கு வழி இருக்கிறது. அடங்கிக் கிடப்பதைத் தொடர்ந்து போய்க் கடித்தால் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்த ஒன்றை வைத்தே எத்தனையோ குழப்பங்கள் தீரும்.

ஏப்ரல் 7

மேலே ஏறுவதைப் பற்றி நேற்று மேலோட்டமாக எழுதியது போதாது. பின்னாலிருந்து ஏறுவதைச் சில நொடிகள் பொறுத்துக்கொள்ளலாம். கீழே இருப்பது திமிறாதவரை தலையிட வேண்டியதில்லை. பழக்கமற்ற இளம் முயல்கள் பல தலைப்பக்கமாகவே ஏறிவிடும். அப்போது ஏறியதன் பிறப்புறுப்பு, கீழே இருப்பதன் வாய்க்கு நேராக வந்துவிடுகிறது. கீழே இருப்பது எரிச்சலில் ஒருமுறை கடித்தால் போதும், விளைவு கொடூரமாகிவிடும். தலைப்பக்கம் ஏறினால் காத்திருக்காமல் மெல்லத் திருப்பி இறக்கிவிடுங்கள்.

பெண் முயல்களும் ஏறும். எனவே ஏறுவதை வைத்து ஆண், பெண் என்று முடிவுகட்ட முடியாது. அதே காரணத்தால், இரண்டும் பெண் என்று நீங்கள் எழுதியிருப்பதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 8

உறுத்தலை விளக்கிவிடுகிறேன். எட்டு வாரக் குட்டியில் ஆண், பெண் பிரித்தறிவது பழகிய கைகளையே ஏமாற்றும். விதைகள் பத்து முதல் பன்னிரண்டு வார வாக்கில்தான் கீழே இறங்குகின்றன. அதன் பிறகும் முயல் பயந்தால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். 'இரண்டும் பெண்தான்' என்று கொடுத்தவர் சொன்ன வாக்கை மட்டும் நம்பியிருந்தால், காயத்தைக் காட்டப் போகும்போது அதையும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இரண்டும் ஒரு நிமிடங்கூடச் சேர வேண்டாம். முயலுக்கு ஒரு நிமிடமே தாராளம்.

ஏப்ரல் 12

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: துரத்திய 'தங்கை' தம்பியாம்.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. முயல் வளர்ப்பில் இதைப்போல அடிக்கடி நடக்கும் வேடிக்கை வேறில்லை. பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். முயலுக்கு ஆட்சேபம் இராது.

ஆனால் கணக்கு இப்போது மாறிவிட்டது. முயலுக்குச் சினைப்பருவம் வந்து முட்டை வெளிப்பட வேண்டும் என்று காத்திருக்கும் தேவை இல்லை. இணைசேர்தலே முட்டையை வெளிப்படச் செய்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். இணை சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாளுக்குப் பின் அனுபவமுள்ள மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார். உடன்பிறந்தவை என்பது அவற்றுக்கு ஒரு தடையே அல்ல. ஒருவேளை சினையாக இருந்து ஈன்றால், ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகக்கூடும் என்பதால் ஆண் எக்காரணத்தைக் கொண்டும் அருகில் இருக்கக் கூடாது.

ஒரு வகையில் இது நல்ல செய்திதான். கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும் சேர்ந்ததே மற்ற எல்லாச் சேர்க்கைகளையும்விட நிலைத்து நிற்கிற ஜோடி. இரண்டு பெண்களையும் சேர்க்க முடியும், இரண்டு ஆண்களையும் சேர்க்க முடியும். ஆனால் அவற்றுக்கு இடமும் பொறுமையும் கூடுதலாக வேண்டும். பிசகவும் வாய்ப்பு கூடுதல்.

ஏப்ரல் 21

அறுவையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக.

ஆணுக்கு விதை நீக்கும் அறுவை எளியது. விதை இறங்கியதும் செய்துவிடலாம். ஆனால் அன்று மாலையே அது நிரபராதி ஆகிவிடாது. குழாயில் தங்கிய விந்து உயிரோடு இருக்கும் என்பதால், அறுவைக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு வாரம்வரை அது பெண்ணைச் சினையாக்க முடியும். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து கருப்பையை எடுக்க வேண்டும். ஐந்து, ஆறு மாதத்துக்குப் பின் செய்வது வழக்கம். சண்டைக்காக மட்டுமே அதைச் செய்வதாக நினைக்க வேண்டாம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று மிகவும் பரவலாக வருகிறது. அந்த ஒரு காரணமே போதுமானது.

நாய் பூனைகளை மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவரைவிட, முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரைத் தேடிப் போங்கள். 'முந்தைய இரவிலிருந்து பட்டினி போடுங்கள்' என்று யாராவது சொன்னால், அவருக்கு முயல் பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. எனவே வயிற்றைக் காலியாக்கும் தேவையும் இல்லை. மாறாக, குடல் அசைவு நின்றுபோவதுதான் அதைக் கொல்லும். அறுவைக்குப் பின் வலி மருந்து கொடுக்கிறார்களா, உணவு எடுக்கிறதா, புழுக்கை போடுகிறதா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வந்த பின் அரை நாள் முழுதும் எதையும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

தையல் ஆறும்வரை, அதாவது பத்து முதல் பதினான்கு நாள், பெண்ணின் மேல் எதுவும் ஏறக் கூடாது. அவளும் துள்ளிக் குதிக்கக் கூடாது.

மே 10

தம்பிக்கு அறுவை முடிந்துவிட்டது. அக்கா சினையில்லை என்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் இந்த வாரம் அறுவை. இனி என்ன செய்வது என்று கேட்கிறார். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதே இனி வேலை. சுரப்புகள் அடங்கச் சாதாரணமாக நான்கு முதல் எட்டு வாரமாகும். 'இப்போது சாந்தமாகத் தெரிகிறதே' என்று இடையில் திறந்துவிட்டுக் காயம்பட்ட முயல்களைப் பற்றி நான் நிறையவே கேட்டிருக்கிறேன்.

காத்திருக்கும் காலத்துக்கு வலைத் தடுப்பு இரண்டு வேண்டும். ஒற்றை வலையின் இருபுறமும் இரண்டு முயல்களை வைத்தால் மூக்கும் கால்விரலும் கடிபடும். நான்கைந்து விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு வலைகளை இணையாக நிறுத்துங்கள். கீரையையும் உலர்புல்லையும் இருபுறமும் அந்த வலையோரத்தில் வையுங்கள். முதலில் சற்றுத் தள்ளி வைத்து, தின்னும்போது மற்றதைப் பொருட்படுத்தாத நிலை வந்தபின் நெருக்கிக்கொண்டே வரலாம். அன்றாடமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ முயல்களை இடம் மாற்றுங்கள்: இவளுடைய இடத்தில் அவன், அவனுடைய இடத்தில் இவள். கழிவுத் தட்டைக் கழுவாமல் மாற்றுங்கள். மற்றதன் வாடை எங்கும் இருக்கும் இடத்தில் தின்று தூங்கப் பழகுவதே பாதி வேலை.

ஆரம்பத்தில் மாற்றிய தட்டின்மேல் சிறுநீர் பீய்ச்சுவதும், மூலைக்கு மூலை புழுக்கையை இறைப்பதும், தாடையைத் தேய்த்து வாடை பூசுவதும் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள். அது குறைவதுதான் உங்களுக்கான நாள்காட்டி. வாரக் கணக்கைவிட அதையே நான் நம்புவேன்.

மே 11

ஒருவர் பதறி எழுதியிருக்கிறார்: தட்டில் சிவப்பாகச் சிறுநீர், உள்காயமா என்று. முயலின் சிறுநீர் உண்ட தாவரத்தின் நிறமிகளால் ஆரஞ்சாகவும் செங்கல் நிறமாகவும் போவது சகஜம். முழுதும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் பெரும்பாலும் நிறமி. வெளிறிய சிறுநீரில் தனிச் சொட்டாகவோ கட்டியாகவோ சிவப்பு கிடந்தால் இரத்தமாக இருக்கலாம். ஐயமிருந்தால் கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள். பார்த்துச் சொல்வது அவர்களுக்கு எளிது.

மே 16

பொய்ச்சினையை, அதாவது சினையாகாமலே சினையானதுபோல நடந்துகொள்வதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் கருத்தடை செய்யாத பெண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். என் பெண் முயல் சாம்பல், அறுவைக்கு முன் ஒருநாள், வாய் நிறைய உலர்புல்லை மீசைபோல இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு மூலைக்கும் நடுக்கூடத்துக்குமாக நடந்தாள். பிறகு கழுத்துச் சதையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் தன் ரோமத்தையே பிடுங்கி அந்தப் புல்லின்மேல் விரித்தாள். அந்த மூலைப் பக்கம் என் கை போனால் உறுமிக்கொண்டு முன்காலால் அறைந்தாள். ஆண் முயல் அவளை நெருங்கியதே இல்லை. வேறொரு பெண் மேலே ஏறினாலும் இந்த நிலை வரலாம். பதினாறு முதல் பதினெட்டு நாள்வரை நீடிக்கும். அந்த நாள்களில் கடித்தால் கூட்டைக் காக்கிறாள் என்று பொருள். கூட்டைக் கலைக்காமல் அடங்கும்வரை விட்டுவிட்டால் தானாக மறந்துவிடுவாள்.

ஜூன் 28

இரண்டின் வாடைப் போரும் ஓய்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். வலையோரத்தில் இருபுறமும் சமாந்தரமாகப் படுத்துத் தூங்குகின்றனவாம். நல்லது. இனிச் சந்திப்பு.

இடம்தான் எல்லாம். இரண்டில் எதுவும் இதுவரை கால்வைக்காத இடமாக இருக்க வேண்டும். கூண்டோ, அவை ஓடியாடும் கூடமோ கூடாது. வழுக்காத விரிப்பு வேண்டும். மூலையில் மாட்டிக்கொள்ளும் இடுக்கும், ஒரே வாசலுள்ள பெட்டியும் அங்கே இருக்கக் கூடாது. பரந்த வெளியில் துரத்தல் வேகம் பிடிக்கும் என்பதால் முதல் சந்திப்புக்கு அளவான அறையோ, வலை அடைத்த சிறு பரப்போ நல்லது. மடித்த துண்டும் அட்டைப் பலகையும் கையருகில் இருக்கட்டும். சில நிமிடங்கள் போதும். அசம்பாவிதம் நடந்தபின் நிறுத்துவதைவிட, அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துவதுதான் அடுத்த சந்திப்புக்கு முதலீடு.

என்ன பார்க்கலாம் என்பதற்கு என் முயல்களையே சொல்கிறேன். சாம்பலும் புள்ளியும் முதலில் ஒன்றையொன்று பார்க்காததுபோல நடித்தன. ஒன்று தரையை முகர்ந்தது, மற்றது சுவரைப் பார்த்துக்கொண்டு காதைக் கழுவியது. இந்தப் பாசாங்கு நல்ல அறிகுறி. பிறகு நெருங்கிவந்து இரண்டுமே தலையைத் தாழ்த்தி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. 'என்னை நக்கிவிடு' என்று இரண்டும் கேட்கின்றன, யாரும் கொடுக்கவில்லை. முயலின் கண் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் பார்க்கும், ஆனால் மூக்குக்கு நேர் கீழே அதற்குக் குருட்டுப் புள்ளி. அந்த நெருக்கத்தில் எதிராளி என்ன செய்கிறது என்பது மீசை மயிராலும் மூச்சாலும்தான் அதற்குத் தெரியவரும். பொறுமை தீர்ந்த சாம்பல் அவன் நெற்றியில் ஒரு சிறு கடி கடித்தாள், அவன் பின்வாங்கினான், அவள் தொடரவில்லை. இதில் தலையிட்டிருந்தால் கெடுத்திருப்பேன். அடுத்தமுறை அதே நிலையில் இரண்டுக்கும் நடுவே கையை நீட்டி இரண்டின் நெற்றியையும் ஒரே சமயத்தில் தடவிக்கொடுத்தேன். இரண்டும் மற்றதுதான் தன்னை நக்குகிறது என்று எடுத்துக்கொண்டனவா என்பது முயலுக்கே வெளிச்சம். ஆனால் கண் மூடியது, பல்லை மெல்ல அரைக்கத் தொடங்கின. பல நாள் கழித்துச் சாம்பல் நிஜமாகவே அவன் கண்ணிமையை நக்கினாள். அதன் பிறகு எனக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

ஜூன் 29

காரில் ஏற்றிச் சுற்றினால், அல்லது அதிரும் எந்திரத்தின்மேல் ஒரே கூடையில் வைத்தால், பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்ற பழைய உத்தியைச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். பயந்த முயல் உறைந்துபோகும். உறைந்த முயல் சண்டையிடாது. அதை இணக்கம் என்று நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். பயம் தெளிந்ததும் பேச்சுவார்த்தை தொடங்கிய இடத்திலேயே நிற்கும். கூடவே, அந்தப் பயங்கரத்தின் நினைவில் மற்றதன் வாடையும் கலந்துவிடும். பயம் குடல் அசைவையும் பாதிக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஜூலை 1

சந்திப்பில் தீனி வைக்கலாமா என்பதற்கு: உலர்புல்லையும் கீரையையும் பரப்பித் தூவுங்கள். இரண்டுக்கும் உயிரான பழத்துண்டையோ குருணைத் தீனியையோ ஒரே கிண்ணத்தில் வைத்தால் நீங்களே சண்டைக்குப் பந்தயம் கட்டியதாகிவிடும்.

ஜூலை 20

மணிக்கணக்கில் அமைதியாக இருக்கின்றன, படுத்து ஒன்றையொன்று நக்குகின்றன, பழைய கூண்டுக்கே திருப்பி அனுப்பலாமா என்று கேட்கிறார். பழைய கூண்டு அக்காவின் கோட்டை என்பதை மறக்க வேண்டாம். முழுதும் கழுவி, அமைப்பை மாற்றி, முடிந்தால் வேறு இடத்தில் நிறுத்தி, அவளுக்கே அடையாளம் தெரியாதபடி செய்துவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுங்கள். இராத் தங்கல் முதலில் நீங்கள் வீட்டிலிருக்கும் நாளில் இருக்கட்டும். முயல்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் சுறுசுறுப்பாக இருக்கும். சண்டைகளும் அந்த வேளைகளிலேயே வெடிக்கும். நீங்கள் ஏப்ரலில் பார்த்ததும் ஒரு விடியலைத்தான்.

பரப்பளவைப் பற்றிக் கேட்டவருக்கு: பிரித்தானியாவின் முயல் நலச் சங்கமும் நிதியமும் ஒரு ஜோடிக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், அதுவும் நாள் முழுதும் அவற்றின் கைவசம் இருக்க வேண்டும். பலருக்கு இது மிகையாகத் தோன்றும். ஓடித் தப்ப இடமில்லாததே சண்டையைக் கொடூரமாக்குகிறது என்று முன்பு எழுதியதோடு சேர்த்துப் பார்த்தால் மிகையாகத் தோன்றாது. உள்ளே மறைவிடங்கள் எத்தனை வைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒற்றை வாசல் பெட்டிக்குள் தப்பியோடிய முயல் தப்பவில்லை, மாட்டிக்கொண்டது. நீர்க் கிண்ணம், புல் குவியல், கழிவுத் தட்டு ஆகியவை இரண்டிரண்டாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கட்டும். ஒன்றே இருந்தால் மேலானது அதன் முன்னால் படுத்துக் கிடந்தே மற்றதைப் பட்டினி போட்டுவிடும். கடியே இல்லாத அந்தக் கொடுமையை நாம் கவனிப்பதில்லை. வாரம் ஒருமுறை இரண்டையும் எடை பாருங்கள். ஒன்று மட்டும் இளைத்துக்கொண்டே போனால் அங்கே அமைதி இல்லை.

ஆகஸ்ட் 2

வேறொருவரின் கேள்வி வேறு வகை. நான்கு ஆண்டு ஒன்றாக வாழ்ந்த, கருத்தடை செய்த ஜோடி, ஒரே நாளில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதாம். இதைப் பருவக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலைத்த ஜோடி திடீரென முறுகினால் முதலில் நோயைத் தேட வேண்டும். கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து நாக்கைக் குத்துவது, மூட்டு வலி, சிறுநீர்ப்பையில் மணல்போலச் சுண்ணாம்பு தேங்குவது என்று எதுவானாலும் வலியுள்ள முயல் தொடுவதைப் பொறுக்காது, ஏறினால் கடிக்கும். சில சமயம் நோயுற்றது கடிப்பதில்லை; நலமாக இருப்பதுதான் அதை விரட்டுகிறது. எனவே இரண்டையும் கொண்டுபோங்கள்.

இரண்டையும் என்று சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திருப்பினால் அது அந்நிய வாடையோடு வரும். வீட்டிலிருந்தது அதை அடையாளம் காணாமல் தாக்கிவிடும். ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தால் இருவர் மேலும் அதே நாற்றம்.

பகல் நீளும் பருவத்தில் கருத்தடை செய்தவைகூடச் சற்றுச் சூடேறித் துரத்துவதுண்டு. அந்தச் சூடு தானாக அடங்கிவிடும். ஆனால் உணவில் சுணக்கமோ புழுக்கையில் மாற்றமோ சேர்ந்து தெரிந்தால் பருவத்தின்மேல் பழிபோட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 19

அக்காவும் தம்பியும் ஒரே கூண்டில் நிலைத்துவிட்டன. துரத்தல் இன்னும் அவ்வப்போது உண்டாம். ஆனால் அவன் தலையைத் தாழ்த்தியதும் அவள் நிறுத்திவிடுகிறாளாம். யார் யாரைத் துரத்துகிறார் என்பது தலைகீழாகிவிட்டதைக் கவனித்தீர்களா? பருவம் வந்தபோது விரட்டியவன் இப்போது விரட்டப்படுகிறவன். முயல் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

எல்லா ஜோடிக்கும் இது வாய்க்காது என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னிடம் முன்பு இருந்த இரண்டு பெண் முயல்கள் கருத்தடைக்குப் பின்னும், பொறுமையான சந்திப்புகளுக்குப் பின்னும், ஒன்று அடங்கினாலும் மற்றது விடாத நிலையிலேயே இருந்தன. அவற்றை இரட்டை வலைக்கு இருபுறமும் ஆயுள் முழுதும் வாழவிட்டேன். ஒன்று இந்தப் பக்கம் படுத்தால் மற்றது அந்தப் பக்கம் அதே இடத்தில் வந்து படுக்கும். அதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. ஒருபோதும் கடிபடாமல், ஒருபோதும் தனிமையில்லாமல் அவை வாழ்ந்து முடித்தன. சேர்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் பெரும்பாலும் நமக்குத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 23

'இரண்டும் ஒத்துப்போகவில்லை, மூன்றாவதாக ஒரு சாதுவான முயலை விட்டால் சமாதானமாகுமா?' என்று ஒருவர். ஆகாது. மூன்றாவது வந்தால் ஒரு உறவு மூன்று உறவாகும். மூன்றும் தனித்தனியே நிலைக்க வேண்டும். நிலையற்ற ஜோடிக்குள் புதியதை விட்டால் இருக்கிற கொஞ்சம் இணக்கமும் கலைந்து, மூன்று தனிக் கூண்டுகளோடு நிற்பீர்கள். முதலில் அந்த இரண்டையும் வலைக்கு இருபுறமும் வையுங்கள். இரண்டும் கருத்தடை செய்தவையா, எப்போது செய்தது, எந்த வேளையில் சண்டை வருகிறது, தோற்றது நின்றபின் வென்றது என்ன செய்கிறது என்பவற்றை இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.